மூக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்: பழைய மூக்கு திரும்பக் கிடைக்குமா?

வந்த கேள்வி சுருக்கமாக இது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்துப் பெண், வயது 27, பெங்களூரில் வேலை. சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பெரிய நகரத்து க்ளினிக்கில் மூக்கின் மேட்டைச் சீவி நுனியைக் குறுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறாள். ஆறு வாரம் ஆகிறது. நுனி குண்டாக, மரத்துப்போய் இருக்கிறது. சிரித்தால் மேலுதடு ஏறவில்லை. ராத்திரி ஒரு பக்கம் அடைக்கிறது. க்ளினிக்கில் கேட்டால் ‘எல்லாம் நார்மல்’ என்று வாட்ஸாப்பில் ஒரு வரி. ஊருக்கு வந்த அன்று அம்மா சொன்னது: “அப்பா மூக்கை வெட்டி எறிஞ்சிட்டு வந்து நிக்கா.” அப்பா போய் மூன்று வருஷம். ‘நான் செய்தது தப்பா, இதைத் திருப்ப முடியுமா, தூக்கமே வரவில்லை’ என்று கேட்கிறாள்.

மக்களே, (எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையைக் கூப்பிடவும் ‘மக்களே’தான், வெளியூர்க்காரர்கள் மேடைப்பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம்) உனக்கு என் மகள் வயசு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் கருங்கல் பக்கம். திருவனந்தபுரத்தில் 14 வருஷம், மஸ்கட்டில் 8 வருஷம், பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை. டாக்டர் தைத்துவிட்டுப் போன பிறகு, மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு “சிஸ்டர், என் முகம் இப்படியே நின்னுருமா” என்று கேட்பவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள். அந்த ஸ்டூலில் இருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். பழைய மூக்கு அப்படியே திரும்பாது. சீவின எலும்பை யாரும் டப்பாவில் போட்டு வைப்பதில்லை. மூக்கின் நடுச்சுவர், காது, விலா என்று எங்காவது இருந்து குருத்தெலும்பு எடுத்து மேட்டை மறுபடி கட்டலாம், அதை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வருவது பழசின் சாயலில் ஒரு மூன்றாவது மூக்காக இருக்கும். அதையும் இப்போது செய்யக் கூடாது. ஒரு வருஷம் கழியாமல் நல்ல சர்ஜன் யாரும் தொட மாட்டார். தொடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடு. அப்புறம், தப்பு பண்ணினாயா என்பது. ஆறாவது வாரத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, உன்னாலும்தான். கண்ணாடியில் நீ இப்போது பார்ப்பது முக்கால்வாசி வீக்கம்.

வீக்கம் என்றதும் குளவி கொட்டின மாதிரி நினைத்துக்கொள்ளாதே. ஒரு தலையணையை எடுத்துக்கொள். உறையைக் கழற்றி, உள்ளே பஞ்சைக் குறைத்து, ஓரங்களைத் தைத்து, மறுபடி அதே பழைய உறையை மாட்டினால் எப்படி இருக்கும்? தொளதொளவென்று இருக்கும். உன் மூக்கில் நடந்தது அதுதான். இரண்டு துவாரத்துக்கும் நடுவில் உள்ள சின்னத் தூணில் கீறி, தோலை மேலே தூக்கி, உள்ளே எலும்பையும் குருத்தெலும்பையும் சரிசெய்துவிட்டுத் தோலை இறக்கிவிடுகிறார்கள். தோல் பழைய அளவு, உள்ளே இருப்பது புது அளவு. தோல் மெல்லச் சுருங்கிப் புது வடிவத்தில் போய் ஒட்ட வேண்டும். கூடவே, நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்களும் அந்தக் கீறலில் அறுந்திருக்கும். அவை மறுபடி வழி பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் நுனி கடைசியில் வடிகிறது. நம் ஆட்களுக்குத் தோல் பொதுவாகக் கனம், எண்ணெய்ப் பசை வேறு. கனமான தோல் சுருங்க இன்னும் நாள் எடுக்கும்.

காலக்கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்கு ஏறும். ஒரு வாரத்தில் கட்டு எடுப்பார்கள். கண்ணைச் சுற்றின நீலம் இரண்டு வாரத்தில் மறையும். வெட்டின எலும்பு கெட்டிப்பட 6 முதல் 8 வாரம். பெரும்பகுதி வீக்கம் மூன்று மாதத்தில் இறங்கும். நுனி மட்டும் ஒரு வருஷம், தோல் கனமானவர்களுக்கு ஒன்றரை வருஷம் வரைகூட. அதுவும் நேர்கோட்டில் இறங்காது. காலையில் கூடும், சாயங்காலம் குறையும். கருவாடும் ஊறுகாயும் தொட்டுக் கஞ்சி குடித்த மறுநாள் நுனி உப்பியிருக்கும், உப்புக்கு நீர் கோக்கும். வெயிலில் அலைந்தால் கூடும். ஒருநாள் ஏறினதைப் பார்த்துவிட்டு ‘மோசமாகிக்கொண்டே போகிறது’ என்று முடிவு கட்டிவிடாதே.

சிரிப்பு விஷயம். மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தசை இருக்கிறது, சிரிக்கும்போது நுனியைக் கீழே இழுப்பது. சில ஆபரேஷனில் அதை வேண்டுமென்றே விடுவிப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டாலும் அந்த இடம் வீங்கிக் கெட்டியாக இருக்கும், உதடு மரக்கட்டை மாதிரி தோன்றும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் இளகிவிடும். நுனியின் மரப்பு அதைவிட மெதுவாக விடும். விடும்போது எறும்பு ஊர்வது போலவோ சுருக்கென்று குத்துவது போலவோ இருந்தால் பயப்படாதே, நரம்பு முழிக்கிறது.

ராத்திரி ஒரு பக்கம் அடைப்பது பற்றி ஒரு சங்கதி. ஆபரேஷனே செய்யாதவர்களுக்கும் மூக்கு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி மாற்றித்தான் அடைக்கும், திறக்கும். ஒருச்சாய்த்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைக்கும். நாம் கவனிப்பதில்லை. உனக்கு இப்போது மூக்கைத் தவிர வேறெதிலும் கவனம் இல்லாததால் தெரிகிறது. ஆனால் பகலிலும் ஒரே பக்கமே அடைத்து, ஆழமாக மூச்சிழுக்கும்போது மூக்கின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொண்டு, கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் மட்டும் சட்டென்று திறந்தால் அது வேறு. அதைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சொல்ல வேண்டும். உள்ளே சுவரும் சதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் அவர் குழாய் விட்டுப் பார்த்துவிடுவார். சின்ன ஒட்டல் என்றால் இப்போதே லேசாக விடுவிக்கலாம். வாட்ஸாப்பில் ‘நார்மல்’ என்று சொன்னவர் உன் மூக்குக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஓபியோ, நாகர்கோவிலில் உனக்குத் தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டரோ, இந்த வாரமே ஒரு தடவை காட்டிவிடு.

ஊரில் இருக்கிறாய், அதனால் ஊர் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்கடைப்பு என்றதும் யாராவது ஒரு சித்தி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுவாள். வேண்டாம். சூடு வீக்கத்தை ஏற்றும். அதைவிட முக்கியம், உன் நுனி மரத்திருக்கிறது. சுடுவது உனக்குத் தெரியாது, தோல் பொள்ளின பிறகுதான் தெரியும். மஸ்கட்டில் ஒரு மலையாளிப் பிள்ளை சூடான துண்டை ஒத்தடம் கொடுத்து நுனியில் கொப்புளத்தோடு வந்தாள். அவளுக்கு வலிக்கவே இல்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் அலறியிருக்கிறாள். அடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கிற உப்புநீர் ஸ்ப்ரே போதும். பலமாகச் சிந்தாதே, தும்மினால் வாயைத் திறந்து தும்மு.

இன்னொன்று, ஆசான். நம் மாவட்டத்தில் கை ஒடிந்தால் எக்ஸ்ரேக்கு முன்னால் வர்ம ஆசானிடம் போகிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. என் தம்பியின் முழங்கையை ஓர் ஆசான்தான் கட்டிச் சரியாக்கினார், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் மூக்கெலும்பு தானாக ஒடிந்ததில்லை, அளந்து வெட்டி நகர்த்தி வைத்தது. அதில் எண்ணெய் தடவி விரலால் பிடித்துவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உன் சர்ஜனே ‘இந்த இடத்தில், இப்படி, இத்தனை தடவை அழுத்து’ என்று காட்டிக்கொடுத்திருந்தால் அது மட்டும் செய். மூக்கில் எண்ணெய் சொட்டு விடுவதும் அப்படித்தான், கேட்காமல் வேண்டாம்.

திற்பரப்புப் பக்கம் போனால் அருவிக்குக் கீழே முகத்தைக் காட்டாதே, சர்ஜன் சரி என்கிற வரை கடலும் அருவியும் கரையில் நின்று பார்க்க மட்டும். பவர் கண்ணாடி போடுகிறவளா என்று எழுதவில்லை. போட்டால், மூக்குத்தண்டில் கனம் உட்காரலாமா என்று கேட்டுக்கொள். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கூடாது என்பார்கள். வார்டில் நாங்கள் ஃப்ரேமின் நடுவில் டேப்பைச் சுற்றி நெற்றியில் ஒட்டித் தொங்கவிடுவோம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், மூக்கு தப்பிக்கும். வெளியே போனால் குடை. நம் வெயிலில் புது வடுவும் நீலம் பாய்ந்த தோலும் சீக்கிரம் கருக்கும். மூக்குத்தி துவாரம் மூடிவிட்டது என்று அம்மா வருத்தப்பட்டால், மறுபடி குத்தலாம், ஆனால் பல மாதம் கழித்து, சர்ஜன் ஒப்புக்கொண்ட பிறகு என்று சொல்.

டேப். ராத்திரி டேப் ஒட்டச் சொன்னார்கள், வேர்வையில் நிற்கவில்லை, விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்லுவார்கள். இப்படிச் செய்து பார். படுப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் முகத்தைக் கழுவித் துடை. க்ரீம், எண்ணெய் எதுவும் பூசாதே. ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம் உட்கார். அரை அங்குல அகலப் பேப்பர் டேப்பில் மூன்று துண்டு வெட்டி, முனைகளை வட்டமாக நறுக்கிக்கொள், கூரான முனைதான் முதலில் உரியும். முதல் துண்டு நுனிக்குக் கொஞ்சம் மேலே குறுக்காக, மேட்டுப்பகுதியில் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கன்னத்தை நோக்கி மெல்ல அழுத்து. இரண்டாவது அதற்கு மேலே, பாதி ஏறினாற்போல். மூன்றாவது நுனிக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்கி இரண்டு பக்கமும் மேலே ஏற்று. இழுத்து இறுக்காதே, தோல் வெளுக்கக் கூடாது. காலையில் உரிக்கும்போது சூடில்லாத தண்ணீரில் நனைத்து, ஓரத்தில் இருந்து உள்பக்கமாக. உன் சர்ஜன் வேறு மாதிரி காட்டியிருந்தால் அவர் காட்டின மாதிரியே. மூன்று மாதம் ஆகியும் நுனிக்கு மேலே கிளி மூக்கு மாதிரி உருண்டு நின்றால், அந்த இடத்தில் துளி ஸ்டீராய்டு ஊசி போடுவது உண்டு. ஆபரேஷன் செய்தவரோ அந்த வேலை தெரிந்த இன்னொரு சர்ஜனோ போட வேண்டியது. கூடினால் தோல் குழிந்து மெலிந்துவிடும்.

இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். ‘பள்ளம் இருக்கிற இடத்தில் ஃபில்லர் ஊசி போட்டு ஒரே நாளில் சரியாக்கலாம்’ என்று யாராவது, அழகு நிலையத்திலோ இன்ஸ்டாகிராமிலோ, உன்னிடம் வருவார்கள். போகாதே. ஆபரேஷன் ஆன மூக்கில் ரத்தக்குழாய்கள் பழைய இடத்தில் இருப்பதில்லை. ஊசி மருந்து குழாய்க்குள் போய் அடைத்தால் நுனித் தோல் கருகும். அந்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகிறவற்றோடு தொடர்புள்ளவை, பார்வையே போனவர்கள் உண்டு. ஒரு வருத்தத்தை மூட இன்னொன்றை அவசரமாகப் போட்டு இரண்டாக்கிக்கொண்டவர்கள்தான் வார்டுக்கு மறுபடி மறுபடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டியவை வேறு. காய்ச்சலோடு ஒரு பக்கம் திடீரென்று சிவந்து வீங்குவது, குறைந்துகொண்டிருந்த வலி திரும்பி ஏறுவது, நிற்காத ரத்தம், கண் மங்குவது, குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போல் தெளிவாகச் சொட்டுவது, தாங்காத தலைவலி. உள்ளே சிலிக்கான் வைத்திருந்தால், மேலே தோல் மெலிந்து பளபளவென்று சிவப்பதும் அவசரம்தான். வைத்திருக்கிறார்களா என்று உனக்கே தெரியாவிட்டால், அதற்காகவாவது ஆபரேஷன் நோட்ஸை வாங்கு.

அந்த நோட்ஸைப் பற்றி. நீ எழுதியதில் எனக்கு வயிற்றெரிச்சல் தந்த வரி, சர்ஜனை ஆபரேஷன் அன்று காலையில்தான் முதல்தடவை பார்த்தேன் என்பது. அதுவரை பேசினது ‘கவுன்சிலர்’, சொன்னது தீபாவளித் தள்ளுபடி. புடவைக்கடையிலாவது துணியைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். கம்ப்யூட்டரில் காட்டின படம் வாக்குறுதி இல்லை என்பதையும், இந்த ஆபரேஷனில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடி கத்திக்குப் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியவர் கத்தி பிடிக்கிற ஆள்தான்.

கேட்டுக் கடிதமோ மெயிலோ அனுப்பினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. நோட்ஸ், ஒப்புதல் படிவம், முன்னால் எடுத்த போட்டோ, பில், நான்கும் கேள். அழகுக்கான ஆபரேஷனுக்கு ஜிஎஸ்டி உண்டு, எனவே முறையான பில் இருந்தாக வேண்டும். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இந்தச் செலவுக்குக் கை கொடுக்காது, அதை மறந்துவிடு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி, க்ளினிக் எந்த ஊரில் இருந்தாலும் நீ குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், குடியிருப்பு இங்கே என்றால் நாகர்கோவிலிலேயே. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். மூக்கின் கணக்கு ஒரு வருஷம் பொறு என்கிறது, சட்டத்தின் கணக்கு இரண்டு வருஷத்தில் மூடுகிறது. இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்து வை. எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் வழக்காகாது என்பதையும் தெரிந்துகொள். கவனக்குறைவு, சொல்லாமல் செய்தது, சம்மதம் வாங்காதது, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். நான் உன்னை வழக்குக்குக் கிளப்பவில்லை. காகிதம் கையில் இருக்கட்டும் என்கிறேன். நாளைக்கு வேறு சர்ஜனிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

போட்டோ எடுப்பதை நிறுத்து என்று சொன்னால் கேட்க மாட்டாய். எனவே எடுக்கிற விதத்தை மாற்று. 2018ல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, 12 அங்குல தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். லென்ஸுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பது மூக்குதானே. நீ ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இந்தப் பொய் மூக்கை. மாதத்துக்கு ஒருநாள், ஒரே தேதி, ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஐந்தடி தள்ளி வேறொருவர் கையில் போன். நேரே, இடம், வலம், கீழிருந்து. எடுத்ததும் பார்க்காமல் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடு. ஆறாவது மாதம் முதல் படத்தையும் ஆறாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்.

இனி அப்பா மூக்குக்கு வருகிறேன். உன் கேள்வியில் வலி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரம் மனசு கீழே போவது எனக்குப் புதுசில்லை. மயக்கமருந்து, தூக்கக்கேடு, வீட்டுக்குள் அடைந்து கிடப்பது, நீலம் பூத்த முகம், எல்லாம் சேர்ந்து அழுத்தும். நன்றாக வந்த ஆபரேஷனுக்கும் அழுவார்கள். கண்ணாடியில் ‘நான்’ இல்லை என்ற ஒரு திகைப்பு அது. 27 வருஷமாகக் காலையில் பல் விளக்கும்போது பார்த்த ஆள் சொல்லாமல் போய்விட்ட மாதிரி. உனக்கு அந்த ஆளோடு அப்பாவும் போய்விட்டார். கல்யாண வீட்டில் யாரோ ‘அப்படியே அவன் மூக்கு’ என்று சொன்னால் உனக்குச் சின்ன வயதில் கோபம் வந்தது, அப்பா இறந்த பிறகு அது வேறொன்றாகிவிட்டது, அதை ஆபரேஷனுக்கு முன்னால் நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் தப்பாகவும் இருக்கலாம்.

அம்மா சொன்ன வார்த்தை கொடுமைதான். ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிப் பார். அவளும் தினமும் உன் முகத்தில் அவரைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, முகம் உன்னுடையது. இரண்டும் உண்மை. அவளிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்ல மாட்டேன். ‘எனக்கும் அவரைத் தேடுது’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்.

எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த சோமர்வெல் டாக்டர் நெய்யூரில் வந்து வருஷக்கணக்கில் கத்தி பிடித்த மாவட்டம் இது. ஆபரேஷன் என்றால் நமக்குப் பயமில்லை. வயிற்றுத் தையலை விருந்தாளிக்குக் காட்டுகிறவர்கள் நாம். அழகுக்கு ஆபரேஷன் என்றால் மட்டும் வாய் கூசும். அடுத்த மாதம் பெரியப்பா மகள் கல்யாணம், எல்லோரும் கேட்பார்கள், என்ன சொல்ல என்கிறாய். ‘மூக்கில ஒரு ஆபரேஷன், ஆறிட்டு வருது’. இது போதும். சைனஸ் என்று சொல்லாதே. சொன்னால் மண்டபத்தில் பாதிப்பேர் அவரவர் சைனஸைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள், டாக்டர் பேர் கேட்பார்கள், நீ பொய்க்கு மேல் பொய் கட்ட வேண்டிவரும்.

புற்றுநோயில் மூக்கு போனவர்களுக்கு நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்வார்கள். தோல் எடுத்து மூக்கு செய்வது சுஸ்ருதர் காலம் தொட்டு நம் நாட்டில் தெரிந்த வேலை. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு இப்படிச் செய்ததை 1794ல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு போட்டது, அதைப் பார்த்து இருபது வருஷம் கழித்து அங்கே ஒரு டாக்டர் செய்தார். அந்த ஆபரேஷனில் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு தோல் பாலம் ஏறக்குறைய மூன்று வாரம் தொங்கும், பிறகுதான் வெட்டுவார்கள். அவர்களோடு ஒப்பிட்டு நீ வெட்கப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, அந்த மாதிரி ஒப்பீடு எனக்கே பிடிக்காது. அந்தப் பாலத்தோடு கிடந்த ஒரு வயசாளி தினமும் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “இன்னைக்கு எத்தனாவது நாள்?” மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார், நாளைத்தான் கேட்பார். நீயும் இப்போதைக்கு நாளை எண்ணு என்பதற்காகச் சொன்னேன்.

எல்லோருக்கும் கடைசியில் பிடித்துப்போகும் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது மாதம் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்ட ஒருத்தி எட்டாவது மாதம் வேறு ஏதோ தையலைக் காட்ட வந்தபோது மூக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பதினான்காம் மாதமும் அழுதுகொண்டே வந்த இன்னொருத்தி, விலா எலும்பு எடுத்து இரண்டாவது ஆபரேஷன் செய்து, ‘பரவாயில்லை’ என்கிற அளவில் நின்றாள். நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால், இந்தத் தடவை சர்ஜனை நேரில், இரண்டு தடவையாவது பார். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி படித்தவரா, காது மூக்கு தொண்டைக்காரர் என்றால் மூக்கு மறுசீரமைப்பே அதிகம் செய்கிறவரா என்று கேள். அவரே செய்த இரண்டாவது ஆபரேஷன்களின் படங்களைக் காட்டச் சொல்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பது, மூக்கு முடிந்து இப்போது தாடை, அடுத்தது கண் என்று குறை இடம் மாறுவது, வெளியே தலைகாட்டாமல் இருப்பது, செத்துவிடலாம் என்று ஒரு நொடி வந்து போவது, இதில் ஏதாவது இருந்தால் அதற்கு இப்போதே வைத்தியம் உண்டு, ஒரு வருஷம் காக்க வேண்டியதில்லை. 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆசாரிப்பள்ளத்தில் மூக்கைக் காட்டப் போகிற அன்றே மனநல ஓபியிலும் ஒரு சீட்டு போட்டுக்கொள். அங்கே போகிறவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் அவரவர் வரிசை.

இன்றைக்கு ராத்திரி டேப்பையும் கத்தரிக்கோலையும் அம்மா கையில் கொடு. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அப்படியானால் நாளைக்குக் கொடு. ஒட்டும்போது கை நடுங்கும், முதல் துண்டு கோணலாகத்தான் போகும். தண்ணீர் தொட்டு மெல்ல உரித்துவிட்டு இன்னொன்று வெட்டச் சொல்.